98 டாலரா, 399 டாலரா? ஒரு நீல லேசர் சண்டையின் கதை

2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் அன்று ஒரே நாளில் இரண்டு சாமான்கள் கடை அலமாரிக்கு வந்தன. வால்மார்ட்டின் சிறப்புத் தள்ளுபடியில் தோஷிபா எச்டி-ஏ2 ப்ளேயர், விலை 98 டாலர் 87 சென்ட். சோனி அன்றுதான் அங்கே வெளியிட்ட 40 ஜி.பி. ப்ளேஸ்டேஷன் 3, விலை 399 டாலர். முதலாவது எச்டி டிவிடி என்ற டிஸ்கை ஓட்டும். இரண்டாவது ப்ளூ-ரே என்ற டிஸ்கை ஓட்டும். இதன் டிஸ்க் அதில் ஓடாது, அதன் டிஸ்க் இதில் ஓடாது. புதிதாக ஒரு பெரிய டிவி வாங்கி ஹாலில் மாட்டியிருக்கிற சாதாரணக் குடும்பஸ்தர் ஒருவர் அன்று எதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்?

ப்ளூ-ரே ஜெயித்தது என்று இன்று எல்லோருக்கும் தெரியும். கேள்வித்தாளோடு விடைத்தாளையும் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற மாதிரி அது. அன்றைக்குக் கடையில் நின்றவருக்குத் தெரிந்திருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இந்தச் சண்டை முடிந்தபோது நான் எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தேன். அதனால் இரண்டு பக்கத்து மேலும் எனக்குப் பாசமோ கோபமோ கிடையாது. மார்க்கெட்டிங் பேப்பருக்காகப் படிக்க ஆரம்பித்து, பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு இதிலேயே விழுந்துவிட்டேன்.

முதலில் கொஞ்சம் அறிவியல். (காமர்ஸ் மாணவன் சொல்கிற அறிவியல், எனவே பயப்பட வேண்டாம்.) டிஸ்கில் இருக்கும் சிறு சிறு பள்ளங்களை லேசர் ஒளி படிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அது விழும் புள்ளி சிறிதாகும், அதே இடத்தில் நிறைய எழுதலாம். தடி மார்க்கரால் எழுதுவதற்கும் நுனி மெலிந்த பேனாவால் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. நீல ஊதா லேசர் என்றால் 405. ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஷுஜி நகமுரா 1990களில் நீல எல்.இ.டி.யையும் நீல லேசரையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நீல எல்.இ.டி.க்காக 2014-ல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

எதற்கு இவ்வளவு இடம் வேண்டும்? அமெரிக்க டிவிடியில் ஒரு பிரேமுக்கு 720 பெருக்கல் 480 புள்ளிகள். உயர் தெளிவு டிவியில் 1920 பெருக்கல் 1080. கணக்குப் போட்டால் சரியாக ஆறு மடங்கு வருகிறது. டிவிடியின் 4.7 அல்லது 8.5 ஜி.பி. இதற்குப் போதாது.

லேசர் இரண்டு கட்சிக்கும் ஒன்றேதான். வித்தியாசம் பிளாஸ்டிக்கில். டிவிடியில் தகவல் இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். தோஷிபாவும் என்.இ.சி.யும் அதே 0.6-ஐ வைத்துக்கொண்டன. இதனால் இருக்கிற டிவிடி தொழிற்சாலைகளையே கொஞ்சம் மாற்றி எச்டி டிவிடி அச்சடிக்கலாம். கொள்ளளவு ஒரு அடுக்கில் 15 ஜி.பி., இரண்டு அடுக்கில் 30. சோனி கட்சி அடுக்கை மேற்பரப்புக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் கீழே கொண்டுவந்தது. லென்ஸ் இன்னும் நெருங்கி, புள்ளியை இன்னும் சிறிதாக்கியது. 25 ஜி.பி., 50 ஜி.பி. கிடைத்தன. ஆனால் அந்த 0.1 மேல் ஒரு கீறல் விழுந்தாலே போச்சு. 2003 ஏப்ரலில் சோனி ஜப்பானில் விற்ற முதல் ப்ளூ-ரே ரெக்கார்டர் நாலரை லட்சம் யென். அதன் டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். பிறகு டி.டி.கே. நிறுவனம் கீறல் தாங்கும் கெட்டியான பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்ததால்தான் அந்தக் கூடு ஒழிந்தது.

ஆக ஒன்று, பழைய தொழிற்சாலையை மதித்த மலிவு டிஸ்க். இன்னொன்று, எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பித்த பெரிய டிஸ்க். இதைப் பேசித் தீர்த்திருக்க முடியாதா?

ஒருமுறை தீர்த்திருக்கிறார்கள். டிவிடியே அப்படிப் பிறந்ததுதான். 1990களின் நடுவில் சோனி-பிலிப்ஸ் ஒரு டிஸ்க், தோஷிபா-டைம் வார்னர் இன்னொரு டிஸ்க் என்று இரண்டு கட்சியாக நின்றார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் தலையிட்டு, ஐ.பி.எம். தலைவர் லூ கெர்ஸ்ட்னர் முன்னின்று, 1995-ல் ஒரே டிஸ்காக ஆக்கினார்கள். அந்தச் சமரசத்தில் அதிகம் நிலைத்தது தோஷிபா பக்கத்து வடிவமைப்பு. டிவிடி விற்க விற்க காப்புரிமைப் பணம் அவர்களுக்கு வந்தது. இதைத் தெரிந்துகொண்டால் இரண்டாவது சண்டை ஏன் தீரவில்லை என்பது புரியும். 2002 பிப்ரவரி 19 அன்று சோனி, பானசோனிக், பிலிப்ஸ், சாம்சங் உள்ளிட்ட ஒன்பது கம்பெனிகள் ப்ளூ-ரேயை அறிவித்தன. அந்த டிஸ்க் வந்தால் வருமானம் வேறு பைக்குப் போகும். 2005-ல் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். 0.1-க்கும் 0.6-க்கும் நடுவே ஒரு எண் கிடைக்கவில்லை. ராயல்டி விஷயத்தில் பாதியாகப் பிரித்துக்கொள்வது கம்பெனிகளுக்கு வராத கலை.

சோனிக்கு இன்னொரு பழைய காயமும் உண்டு. 1975-ல் அது கொண்டுவந்த பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட், அடுத்த வருடம் வந்த ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ்.ஸிடம் தோற்றது. 1989-ல் கொக்கோ கோலாவிடமிருந்து கொலம்பியா பிக்சர்ஸை 340 கோடி டாலருக்கு சோனி வாங்கியதை, அந்தத் தோல்வியின் பாடம் என்று பலரும் எழுதுகிறார்கள். கருவி செய்கிறவன் கையில் படமும் இருக்க வேண்டும் என்ற பாடம். அன்று அந்த விலை அநியாயம் என்று சிரித்தார்கள். 2006-ல் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

2006 ஏப்ரல் 18. அமெரிக்காவில் முதல் எச்டி டிவிடி ப்ளேயர், தோஷிபா எச்டி-ஏ1, 499 டாலர். பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டர் இருப்பதைக் கண்டார்கள்! ஆன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் படம் அற்புதம் என்றே விமர்சனங்கள் வந்தன. இரண்டு மாதம் கழித்து ஜூனில் முதல் ப்ளூ-ரே ப்ளேயர், சாம்சங் பிடி-பி1000, 999 டாலர். இரண்டு மடங்கு விலை. முதல் டிஸ்குகளில் பழைய எம்பெக்-2 முறையில் சுருக்கிய படங்களை ஒற்றை அடுக்கு 25 ஜி.பி.யில் திணித்திருந்தார்கள். 'தி ஃபிஃப்த் எலிமென்ட்' டிஸ்க் வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் சோனி அதை 2007-ல் மறுபடி சுத்தமாகச் செய்து வெளியிட்டது.

என்னைக் கேட்டால் முதல் வருடம் எச்டி டிவிடிதான் முழுதாக வெந்த பண்டம். ப்ளூ-ரே அரைவேக்காடு. எச்டி டிவிடி விதிப்படி எந்த ப்ளேயராக இருந்தாலும் நெட் இணைப்புத் துளை இருக்க வேண்டும், படத்துக்குள் சிறு படம் காட்டும் வசதி இருக்க வேண்டும். ப்ளூ-ரேயில் இதையெல்லாம் தவணை முறையில் சேர்த்தார்கள். 1.0, 1.1, 2.0 என்று வரிசையாக வகைகள். 1.0 வாங்கியவருக்கு 2.0 வசதி பெரும்பாலும் கிடையாது. மண்டலப் பூட்டு வேறு. ப்ளூ-ரே உலகை மூன்றாகப் பிரித்தது, இந்தியா மூன்றாவது கூண்டில். எச்டி டிவிடிக்கு அப்படிப் பூட்டே இல்லை. எந்த நாட்டு டிஸ்கும் எந்த நாட்டு ப்ளேயரிலும் ஓடும்.

அப்படியானால் அது ஏன் தோற்றது? இங்கேதான் எனக்குச் சுவாரசியம் ஆரம்பிக்கிறது.

2006 நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 3 வந்தது. 20 ஜி.பி. 499 டாலர், 60 ஜி.பி. 599 டாலர். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிரித்துப் போட்டு விலை பார்த்ததில் 60 ஜி.பி. பெட்டியின் அடக்கமே சுமார் 840 டாலர் வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் கையைவிட்டுப் பணம் போட்டு விற்றார்கள். 2006-07 நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவுக்கு 23,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம். பங்குதாரர் யாராவது இருந்தால் வயிற்றில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் 2007 முடிவதற்குள் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரு கோடி ப்ளேஸ்டேஷன் 3 கடைகளுக்குப் போயிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ப்ளூ-ரே ப்ளேயர்.

அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ப்ளூ-ரேயைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. விளையாட வாங்கினார்கள். பல நாள் கழித்து, ஓ, இதில் படமும் ஓடுமா என்று ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். எச்டி டிவிடி வாங்கியவர்கள் கதையே வேறு. விமர்சனம் படித்து, இரண்டையும் ஒப்பிட்டு, நண்பர்களோடு வாதாடி, யோசித்து வாங்கியவர்கள். யோசித்துத் தேர்ந்தெடுத்தவர்களை, தேர்ந்தெடுக்கிறோம் என்றே தெரியாமல் வாங்கியவர்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். இந்தச் சண்டையைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான், மீதியெல்லாம் விவரம்.

எச்டி டிவிடி ஆட்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. விளையாட்டுப் பெட்டி வைத்திருப்பவன் படம் வாங்க மாட்டான், எங்கள் ப்ளேயர் வாங்கியவர் தலைக்கு எத்தனை டிஸ்க் வாங்குகிறார் பாருங்கள் என்றார்கள். தலைக்கணக்கில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் சும்மா ஒரு உதாரணம்: நூறு பேர் ஆளுக்கு ஐந்து வாங்கினால் ஐநூறு. ஆயிரம் பேர் ஆளுக்கு ஒன்றே ஒன்று வாங்கினாலும் ஆயிரம். படக் கம்பெனி எதைப் பார்க்கும்? 2007-ல் அமெரிக்காவில் ப்ளூ-ரே டிஸ்குகள் எச்டி டிவிடியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விற்றன. ஜூலை கடைசியில் வார்னர் '300' படத்தை இரண்டிலும் ஒரே நாளில் விட்டபோதும் அதே விகிதம்தான்.

ஸ்டூடியோக்கள் எப்படிப் பிரிந்திருந்தன? சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் எல்லாம் ப்ளூ-ரே. யுனிவர்சல் மட்டும் எச்டி டிவிடி. வார்னரும் பாரமவுண்டும் இரண்டு பக்கமும். 2007 ஆகஸ்ட் 20 அன்று பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் திடீரென்று எச்டி டிவிடி மட்டும் என்று தாவின. ரொக்கமும் விளம்பர உதவியுமாக 15 கோடி டாலர் கைமாறியதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஸ்பீல்பெர்க் இயக்கிய படங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 'டிரான்ஸ்பார்மர்ஸ்' இயக்குநர் மைக்கேல் பே கோபத்தில் இரண்டாம் பாகம் எடுக்க மாட்டேன் என்று தன் தளத்தில் எழுதிவிட்டு, அப்புறம் மனம் மாறிவிட்டார் :-)

இப்போது அந்த நவம்பர் வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வீட்டில் குழந்தை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஷ்ரெக்' மூன்றாம் பாகம் வேண்டுமா? எச்டி டிவிடியில்தான் வரும். 'கார்ஸ்', 'ராட்டடூயி' வேண்டுமா? ப்ளூ-ரேயில்தான் வரும். எதை வாங்கினாலும் பாதி சினிமா கிடையாது. இரண்டையும் ஓட்டும் எல்ஜி ப்ளேயர் ஒன்று 2007 ஆரம்பத்திலேயே வந்தது, விலை 1,199 டாலர். அதுவும் எச்டி டிவிடியின் மெனு வசதிகளை முழுதாகக் காட்டாது.

எச்டி-ஏ2 98.87 டாலர். அதோடு ஐந்து டிஸ்க் இலவசமாகத் தபாலில் வரும். டிஸ்க் ஒன்று இருபது டாலர் என்றால்கூட ப்ளேயர் ஓசி என்றுதான் அர்த்தம். பழைய டிவிடிகளையும் நன்றாக மெருகேற்றிக் காட்டும். அதில் 1080ஐ வரைதான் வரும், 1080பி வராது என்பது குறை. ஆனால் அன்று பல வீடுகளில் இருந்த டிவியே 720 கோடுதான். விலையை மட்டும் பார்த்தால் கேள்வியே இல்லை, தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். போனார்கள். கடைகளில் வேகமாகத் தீர்ந்தது.

எகனாமிக்ஸில் கூட்டுத் தேவை என்று படித்திருப்போம். கார் வாங்கினால் பெட்ரோலும் வேண்டும். ப்ளேயர் வாங்குவது அதைவிட மோசம், ஏனென்றால் பெட்ரோல் எல்லா பங்கிலும் கிடைக்கும். ப்ளேயர் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது, அடுத்த ஐந்து வருடம் இதற்குப் படம் வரும் என்ற நம்பிக்கையை. அந்த நம்பிக்கையின் விலை அட்டையில் ஒட்டியிருக்காது. அது கலிபோர்னியாவில் நாலைந்து ஸ்டூடியோ அலுவலகங்களில் இருக்கிறது.

தோஷிபா விலையைக் குறைத்ததில் ஒரு கண்ணியும் இருந்தது. அடக்க விலைக்குக் கீழே அது விற்கும்போது வேறு எந்தக் கம்பெனி எச்டி டிவிடி ப்ளேயர் செய்ய முன்வரும்? லாபமே இல்லையே. அதனால் அலமாரியில் எச்டி டிவிடி என்றால் கிட்டத்தட்ட தோஷிபா மட்டும். பக்கத்தில் சோனி, சாம்சங், பானசோனிக், பயனியர் என்று ப்ளூ-ரே வரிசை. வாடிக்கையாளர் கண்ணுக்கு எது நிலைக்கும் என்று தோன்றும்? சோனியும் நஷ்டத்தில்தான் விற்றது, ஆனால் விளையாட்டு சிடியில் திருப்பி எடுக்க வழி இருந்தது. தோஷிபாவுக்கு விளையாட்டும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. கூட்டாளியான மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்டி டிவிடியைத் தனியாக 199 டாலர் விலையில் ஒரு வெளி டிரைவாகத்தான் விற்றது. அதாவது அதையும் யோசித்துத் தேர்ந்தெடுத்துத்தான் வாங்க வேண்டும்! உள்ளேயே வைத்திருந்தால் கதை மாறியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

2008 ஜனவரி 4. லாஸ் வேகஸில் பெரிய மின்னணுக் கண்காட்சி தொடங்கச் சில நாட்களே இருந்தன. வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. எச்டி டிவிடி அணி அங்கே நடத்தவிருந்த பத்திரிகையாளர் சந்திப்பை ரத்து செய்தது. தோஷிபா மறுபடி விலையைக் குறைத்தது, சூப்பர் பவுல் மேட்சில் விளம்பரம்கூட போட்டது. பிப்ரவரி 11 அன்று நெட்ஃப்ளிக்ஸும் பெஸ்ட் பையும் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தன. 15 அன்று, அதே 98 டாலர் வால்மார்ட்டும். 19 அன்று டோக்கியோவில் தோஷிபா தலைவர் அட்சுதோஷி நிஷிதா எச்டி டிவிடி தொழிலை நிறுத்துவதாக அறிவித்தார். ப்ளூ-ரே அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக ஆறு வருடம்.

98 டாலர் கொடுத்தவர் ஏமாந்தாரா? அவர் தப்பு செய்யவில்லை என்றே நினைக்கிறேன். நஷ்டத்தின் உச்ச வரம்பு 98 டாலர் என்று தெரிந்துதான் வாங்கினார். அவரைவிடப் பரிதாபம், ஜெயித்த பக்கத்தில் 2006-ல் 999 டாலர் கொடுத்தவர். இரண்டே வருடத்தில் அவருடைய ப்ளேயரில் புதிய டிஸ்குகளின் பல வசதிகள் வேலை செய்யவில்லை. உண்மையில் லாபம் பார்த்தவர் 399 கொடுத்து விளையாட்டுப் பெட்டி வாங்கியவர். நெட் வழியாக மென்பொருளை மாற்றி மாற்றி 2008 மார்ச்சில் அதை 2.0 ஆக்கினார்கள், 2010-ல் முப்பரிமாணப் படமும் காட்டவைத்தார்கள். படம் பார்ப்பதற்கான மிகச் சிறந்த ப்ளேயர், படம் பார்க்காதவர்களுக்காகச் செய்ததாக இருந்தது.

ஜெயித்த டிஸ்குக்கும் ரொம்ப நாள் ராஜ்ஜியம் கிடைக்கவில்லை. சண்டை சூடாக நடந்துகொண்டிருந்த 2007 ஜனவரியிலேயே நெட்ஃப்ளிக்ஸ் இணையத்தில் படம் ஓட்ட ஆரம்பித்துவிட்டது. ஓப்போ 2018-லும், அமெரிக்க சந்தைக்கு சாம்சங் 2019-லும் ப்ளூ-ரே ப்ளேயர்களை நிறுத்தின. நெட்ஃப்ளிக்ஸ் தபாலில் டிஸ்க் அனுப்புவதை 2023 செப்டம்பரோடு முடித்துக்கொண்டது. இதை வைத்து, சண்டை போடாமல் இருந்திருந்தால் டிஸ்க் பிழைத்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வருடம் ஜனங்கள் காத்திருந்ததில் கொஞ்சம் சேதம் உண்டு, அவ்வளவுதான்.

எச்டி டிவிடி வாங்கியவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் பரிகாரம் கிடைத்தது. தன்னிடம் வாங்கியவர்களுக்கு பெஸ்ட் பை 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. வார்னர் 2009-ல், எச்டி டிவிடி அட்டையை அனுப்பி ஒரு டிஸ்குக்கு 4.95 டாலரும் தபால் செலவும் கொடுத்தால் அதே படத்தை ப்ளூ-ரேயில் தருகிறோம் என்றது. அதே 2009-ல் தோஷிபாவும் தன் முதல் ப்ளூ-ரே ப்ளேயரை வெளியிட்டது. பெயர் பிடிஎக்ஸ்2000, விலை சுமார் 250 டாலர். அதில் ப்ளூ-ரே ஓடும், பழைய டிவிடி ஓடும். எச்டி டிவிடி ஓடாது.